பவலின் குறிப்பும் உங்கள் படமும்: கேமராவை ஆற்று மட்டத்துக்கு இறக்குங்கள்

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் வசிக்கிறேன். மூன்று வருடமாக கிரீன், கொலராடோ ஆறுகளைப் படமெடுத்து வருகிறேன். 1869-இல் அந்த வழியே படகில் போன ஆய்வுப் பயணி ஜான் வெஸ்லி பவலின் நாட்குறிப்போடு என் படங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க ஆசை. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த இடத்தைப் பற்றி அவர் எழுதிய வரியைப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த நாட்குறிப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் படிப்பது 1875-இல் அச்சான அறிக்கை. 1871-72-இல் போன இரண்டாவது பயணத்தின் சம்பவங்களையும் பவல் அதில் 1869 கணக்கிலேயே சேர்த்துவிட்டார். ஆற்றில் இருக்கும்போது எழுதிய குறிப்புகள் மிகச் சுருக்கம். கூடப் போன ஜார்ஜ் பிராட்லியும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்.

இதனால் என்ன வரும்? ஒற்றைக் கைக்காரரான பவல் ஒரு பாறைச் சுவரில் ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தொங்கினார். பிராட்லி தன் உள்காற்சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டு அவரை மேலே இழுத்தார். அறிக்கைப்படி இது நடந்தது ஜூன் 18, எக்கோ பார்க்கில். பிராட்லியின் குறிப்பிலோ ஜூலை 8, ஆற்றில் வெகுதூரம் கீழே. எக்கோ பார்க் படத்தின் கீழ் அந்த வரியைப் போட்டால், வழக்கை நீங்களே தீர்த்துவிடுகிறீர்கள். இரண்டு இடத்தையும் எடுத்து, நடுவில் இருவர் எழுதியதையும் மாட்டுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

அடுத்தது கேமராவின் உயரம். கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்று எடுத்த அகலப் படங்கள் உங்களிடம் நிறைய இருக்கும். பவல் குழுவினர் பெரும்பாலான நாள் பார்த்தது அதையல்ல. படகில் உட்கார்ந்தவரின் கண், தண்ணீருக்கு மூன்றடி மேலே. அங்கிருந்து பார்த்தால் இரண்டு சுவர், நடுவில் ஒரு கீற்று வானம், முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் அவர்களுடைய பயமே. ஆகவே டிரைபாட்டை மணலிலேயே ஊன்றுங்கள். பாரோமீட்டரால் (காற்றழுத்தமானி) உயரம் அளக்க பவல் சுவரேறிய நாட்களுக்கு மட்டும் மேலிருந்து எடுத்த படம் பொருந்தும்.

இரண்டாவது பயணத்தில் ஹில்லர்ஸ் போன்றவர்கள் எடுத்த பழைய படங்களும் இருக்கின்றன. அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க விரும்பினால் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். முன்னால் இருக்கும் பாறையின் விளிம்பு, பின்னால் இருக்கும் மலையை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பழைய படத்தில் பாருங்கள். நீங்கள் ஓரடி நகர்ந்தாலும் அந்த வெட்டு மாறும். அது ஒத்துப்போகும்வரை நகருங்கள், அப்புறம் எடுத்த நேரமும் ஒத்துப்போக நிழலைப் பாருங்கள். 1968-இல் நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கரின் குழு இப்படித்தான் அந்த இடங்களைத் திரும்பப் படமெடுத்தது.

தண்ணீரின் நிறத்தைத் திருத்தவே வேண்டாம். பவல் கண்டது செம்மண் கலங்கிய ஆறு. கொலராடோ என்ற ஸ்பானியப் பெயரே செந்நிறத்தைத்தான் சொல்கிறது. 1963-இல் கிளென் கேன்யன் அணை ஆற்றை அடைத்த பிறகு வண்டல் அதன் பின்னால் தேங்கிய பவல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது; அணைக்குக் கீழே தெளிந்த, குளிர்ந்த, பச்சைத் தண்ணீர் வருகிறது. குறிப்பில் சேறு, படத்தில் பச்சை. இந்த முரணைப் பார்க்கத்தான் ஆட்கள் உங்கள் கண்காட்சிக்கு வர வேண்டும் என்பேன். பவல் குழுவினர் தங்கிப் பாட்டுப் பாடிய மியூசிக் டெம்பிள் என்ற பாறைக் குடைவு இன்று பவல் ஏரிக்கு அடியில் இருக்கிறது. நாட்குறிப்பின் அந்தப் பக்கத்துக்கு நேராக ஏரியின் வெறும் நீர்ப்பரப்பை வையுங்கள்.

காட்சியே இல்லாத பக்கங்களையும் தள்ளிவிடாதீர்கள். பூசணம் பிடித்த மாவு, உலர்ந்த ஆப்பிள், கயிறு கட்டிப் படகை இறக்கிய களைப்பு என்று பல நாள் இப்படியே போகிறது. அவற்றுக்கு ஈரப் பாறையின் நெருக்கமான படம் போதும்.

கடைசியாக ஆகஸ்ட் 28. அன்று குழுவிலிருந்த ஹவ்லண்ட் சகோதரர்களும் வில்லியம் டன்னும் இனி ஆறு வேண்டாம் என்று பிரிந்து, பக்கவாட்டுப் பள்ளத்தாக்கு வழியே மேலே நடந்தார்கள், திரும்பவே இல்லை. மற்றவர்கள் இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, வர்ஜின் ஆறு கலக்கும் இடத்தில் கரைசேர்ந்தார்கள். இந்த ஒரு படத்தை மட்டும் ஆற்றுக்கு முதுகு காட்டி, அவர்கள் நடந்துபோன திசையைப் பார்த்து எடுங்கள்.