பதினைந்து என்பது மதிப்பெண் அன்று

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.8 கிலோ, ஆறாம் மாதம் 6.5, ஒன்பதாம் மாதம் 7.3, இப்போது 7.7 கிலோ. இரண்டு மாதத்தில் 400 கிராம்தான் ஏறியிருக்கிறது. கைப்பேசிச் செயலி ‘15ஆவது பர்சன்டைல்’ என்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை இதே வயதில் 9 கிலோவைத் தாண்டிவிட்டதால், “பிள்ளை தேறவே இல்லை, தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடு” என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?

பதில்: நூற்றுக்குப் பதினைந்து வாங்கியதாக நினைத்துக் கலங்கியிருக்கிறீர்கள். அதே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால், உங்கள் மகளைவிட எடை குறைந்தவர்கள் ஏறத்தாழ 15 பேர் இருப்பார்கள் என்பதே அதன் பொருள். இந்தக் கணக்குக்கு அடிப்படையான, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் நம் தெற்கு டெல்லியிலும் அளந்து தயாரிக்கப்பட்டது. ஆகவே அந்த வரிசையில் பதினைந்தாவதாக நிற்பதும் ஆரோக்கியமான குழந்தைதான். இதற்கு முன் புழக்கத்தில் இருந்த அமெரிக்க வரைபடம் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டது என்பதால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சில மாதங்களுக்குப் பின் அதில் பின்தங்குவதுபோல் தெரிந்தார்கள். உங்கள் மாமியார் சொல்லும் யோசனை அந்தக் காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒற்றைப் புள்ளியைவிடப் புள்ளிகளை இணைக்கும் கோடுதான் முக்கியம். நீங்கள் எழுதிய நான்கு எடைகளையும் குறித்துப் பார்த்தேன். நான்கும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே பர்சன்டைல் கோட்டின்மேல் விழுகின்றன. முதல் மூன்று மாதங்களில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறும் குழந்தை பின்னர் அந்த வேகத்தில் ஏறாது. சராசரி எடையுள்ள பெண் குழந்தைக்கே ஒன்பதிலிருந்து பதினொன்றாம் மாதத்துக்குள் அரைக் கிலோதான் கூடும். குழந்தையின் கோடு பல மாதங்கள் ஏறாமல் படுத்துவிட்டாலோ, வரைபடத்தின் இரண்டு பர்சன்டைல் கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினாலோதான் காரணம் தேட வேண்டும். நீங்கள் குறிப்பிடாத நீளத்தையும், குழந்தையைப் படுக்கவைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். “போன வாரம் எட்டு, இந்த வாரம் ஏழே முக்கால்” என்று பதறி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, போன வாரம் ஈர டயப்பரோடு எடை போட்டீர்களா என்பதைத்தான்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம். அதோடு, நெய் விட்டுக் குழைய மசித்த பருப்புச் சாதம், முட்டை, பழம் என்று வீட்டுச் சாப்பாட்டை நாளுக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். பருப்புத் தண்ணீரை மட்டும் ஊட்டினால் வயிறுதான் நிறையும்.

கேள்வி: எட்டு மாத மகன் 6.7 கிலோ இருக்கிறான். வரைபடத்தின் அடிக்கோட்டுக்கும் கீழே போய்விட்டான். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவன். இது ஆபத்தா?

பதில்: குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, முன்னதாகப் பிறந்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் வரைபடத்தில் குறிக்க வேண்டும். புள்ளியை எட்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்கு நகர்த்துங்கள், அதே 6.7 கிலோ அடிக்கோட்டுக்கு மேலே வந்துவிடும்.