கேள்வி-பதில்: படித்தவர் வருமானம், படிக்காதவர் கூலி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி பற்றிய கேள்விகளே குவிகின்றன. எந்த கோர்ஸ், எந்தக் கல்லூரி என்று கேட்டவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். படிப்புக்கும் மாநிலத்தின் வருமானத்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் ஆறு பேர். அவர்களுக்கான பதில்கள் இங்கே.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம் என்கிறார்கள். அப்படியானால் பாதிப் பேர் பட்டதாரிகளா? முன்பு 51 என்று படித்த ஞாபகம். குறைந்துவிட்டதா?
– ஓர் ஆசிரியர், திண்டுக்கல்

இரண்டும் இல்லை. கல்லூரியில் பெயர் பதிந்திருப்பவர்களை, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இந்த 47. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பில் உள்ளது. நாடு முழுவதற்கும் 28.4, பிகாருக்கு 17.1. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களையும் சேர்த்து, வயது வந்தவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று பார்த்தால் விகிதம் நன்றாகக் குறைந்துவிடும். நாற்றங்காலைப் பார்த்துச் சொல்லும் கணக்கு இது, களத்துமேட்டுக் கணக்கு இல்லை.

51 என்று நீங்கள் படித்ததும் சரிதான். 2019-20 அறிக்கையில் 51.4 என்று இருந்தது. அதுவரை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இளைஞர்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் 2011 கணக்குக்கு மாறினார்கள். வகுக்கும் எண் மாறியதால் விடையும் மாறியது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் குறைந்துவிட்டதாக இதை வைத்துச் சொல்ல முடியாது.

படித்ததால் தமிழ்நாடு வளர்ந்ததா, வளர்ந்ததால் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிந்ததா?
– முதுகலை மாணவர், மதுரை

இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஆனாலும் வரிசையைப் பாருங்கள். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1984-85-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி. இவை எல்லாம் முதலில் வந்தன. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது 1996-ல், டைடல் பார்க் திறந்தது 2000-ல். ஆலை போட வந்தவர்களுக்குத் துறைமுகம் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் டிப்ளமோக்காரர்களையும் பொறியாளர்களையும் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் பத்து ஆண்டுகளாகவே தயாராகிக்கொண்டிருந்தார்கள். 2022-23-ல் தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 2.78 லட்சம் ரூபாய், நாட்டின் சராசரி 1.69 லட்சம்.

சரி, குஜராத் என்று ஒன்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அங்கே சேர்க்கை விகிதம் வெறும் 24. தனிநபர் வருமானமோ நம்மை ஒட்டியே இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயனத் தொழில், பெரிய துறைமுகங்கள் என்று முதலீட்டால் வந்த வருமானம் அது. ஓர் ஆலையின் உற்பத்தியை மாநிலத்தின் மக்கள் எல்லாருக்கும் வகுத்தால் சராசரி உயர்ந்துவிடும், அந்தப் பணம் யார் கைக்கும் போகாவிட்டாலும்.

அதனால் நான் எப்போதும் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். விவசாயக் கூலி. ரிசர்வ் வங்கியின் 2022-23 விவரப்படி ஓர் ஆண் தொழிலாளிக்குக் குஜராத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 242 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 470, கேரளாவில் 764. இந்த வித்தியாசம் முழுக்கப் படிப்பால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சங்கங்கள் உண்டு, ரேஷன் அரிசி உண்டு, நூறு நாள் வேலை உண்டு, கேரளாவுக்கு வளைகுடாப் பணம் உண்டு. ஆனால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் ஊரில் கூலி மலிவாக இருக்காது. ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டால் வயலில் இறங்க யார் இருக்கிறார்கள்? ஆளே கிடைப்பதில்லை. இந்தப் படிப்பால் விவசாயிக்கு என்ன லாபம்?
– ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. நடவுக்கு ஆள் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்துக்கிடந்த அனுபவம் எனக்கும் இருக்கிறது.

அந்த நடவில் ஒரு நாள். மதியம் வரப்பில் தூக்குவாளியைத் திறந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓர் அம்மா கையைக் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் சொருகியிருந்த போனை என்னிடம் நீட்டினார். "ஐயா, பொண்ணு செமஸ்டர் ரிசல்ட்டு அனுப்பியிருக்கா, என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றார். ஐந்து பாடத்திலும் தேர்ச்சி. நான் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் "அடுத்த வருசம் இவளும் நடவுக்கு வர மாட்டா" என்றார். உங்கள் கேள்வியை அந்த அம்மாவின் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பாருங்கள்.

இனி பொருளாதாரத்துக்கு வருவோம். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த என்ரிகோ மொரெட்டி 2004-ல் வெளியிட்ட முடிவு இது. ஒரு நகரத்தில் பட்டதாரிகளின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால், பட்டதாரிகளின் சம்பளம் 0.4 சதவீதம்தான் உயர்கிறது. பள்ளியை முடித்தவர்களுக்கு 1.6 சதவீதம் உயர்கிறது. பள்ளியையே முடிக்காதவர்களுக்கு 1.9 சதவீதம். அதாவது அடுத்தவர் படிப்பதால் அதிகப் பயன் படிக்காதவருக்குத்தான். அமெரிக்க எண்ணை அப்படியே தஞ்சைக்குப் பொருத்த முடியாது. ஆனால் காரணம் எந்த ஊருக்கும் பொதுவானது. படித்தவர் வேறு வேலைக்குப் போனதும் உடல் உழைப்புக்குக் கிராக்கி வருகிறது, கூலி ஏறுகிறது. படித்தவர் சம்பளம் வாங்கி வீடு கட்டினால் கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் வேலை கிடைக்கிறது. ஒரு பொறியாளர் இருந்தால் ஆலையில் அவருக்குக் கீழே வேலை செய்பவரின் உற்பத்தியும் கூடுகிறது.

அப்புறம் உங்கள் லாபம். கூலி ஏறியதால் உங்களுக்குச் செலவு கூடியது உண்மை, அதை மறைக்க மாட்டேன். அறுவடை இயந்திரம் டெல்டாவில் பரவலாக வந்ததற்கு இந்த ஆள் தட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். நடவு இயந்திரமும் இதே காரணத்தால்தான் வருகிறது. நான்கு ஏக்கர்காரர் தனியாக இயந்திரம் வாங்க முடியாது. வேளாண் பொறியியல் துறையின் வாடகை மையத்தில் முன்பதிவு செய்யலாம். ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தச் சொல்வது மட்டும் நியாயமாகாது. நீங்களும் அப்படிக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

படிக்காதவனுக்கு வேலை இருக்கிறது, படித்தவன்தான் சும்மா இருக்கிறான். என் மகன் பி.இ. முடித்து மூன்று வருடமாகக் குரூப் 4-க்குப் படிக்கிறான்.
– ஒரு தந்தை, விருதுநகர்

புள்ளிவிவரமும் அப்படித்தான் காட்டுகிறது. 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடையே 13.4. கேரளாவில் 2023-24-ல் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் 29.9 சதவீதம்.

ஆனால் வேலையில்லாமல் இருப்பதற்கும் கையில் காசு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு வாரம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. அதனால் கிடைத்த வேலையைச் செய்கிறார், கணக்கில் வேலை உள்ளவராகிறார். பட்டதாரிக்குப் பின்னால் உங்களைப் போல ஒரு தகப்பன் இருக்கிறார். அதனால் அவரால் காத்திருக்க முடிகிறது. இதனால் படிப்பு வீண் என்று ஆகிவிடாது. ஆனால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். 2024 குரூப் 4 அறிவிப்பில் 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வில் பொறியாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மூன்று வருடத்தில் அவர்கள் செய்திருக்கக்கூடிய வேலையும் மாநிலத்தின் இழப்புதான்.

மகனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒரு தடவை எழுதட்டும். அதோடு கூடவே ஒரு வேலையில் சேரட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டம் வாங்கி நாலைந்து வருடம் அனுபவம் இல்லாமல் இருந்தால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதான். 'நான் முதல்வன்' திட்டத்தில் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. அவருக்குப் பொருந்துவது எது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் மாநிலத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று என் மாமனார் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
– ஒரு தாய், அரியலூர்

பதில் இருக்கிறது, மரியாதையாகவே சொல்லுங்கள். அதே 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கல்லூரிச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 47.3, ஆண்களுக்கு 46.8. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடியற்காலையில் போயிருக்கிறேன். டீக்கடைகூட முழுதாகத் திறந்திருக்காது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் தலையில் ஈரப் பின்னலுமாக இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். மின்னணு ஏற்றுமதியில் தமிழ்நாடு முதலிடம் என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இந்தக் கைகளால் வந்தது.

எனக்குள்ள வருத்தம் வேறு. பெண்கள் படிப்பதில் நாம் ஜெயித்துவிட்டோம், படித்தபின் வேலையில் நீடிப்பதில் ஜெயிக்கவில்லை. கல்யாணம், குழந்தை என்று வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்பான விடுதியும் குழந்தைக் காப்பகமும் நேரத்துக்கு வரும் பஸ்ஸும் இருந்தால் அவர்களில் பலர் தொடர்வார்கள். ஒரு பட்டதாரிப் பெண் வீட்டோடு நின்றுவிட்டால் அவள் சம்பளம் மாத்திரம் போவதில்லை, அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருக்கக்கூடிய நாலு பேரின் வாய்ப்பும் போகிறது.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முன்னால், அதே பணம் கல்யாண உதவித்தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. மாமனாருக்கு இதையும் சொல்லுங்கள்.

நம் செலவில் படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்களே?
– ஒரு வாசகர், கோவை

போகிறவர்கள் வெறுங்கையோடு உறவை முறித்துக்கொள்வதில்லை. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 2023-24-ல் 10.4 சதவீதம். மகாராஷ்டிரத்துக்கும் கேரளாவுக்கும் அடுத்த இடம். கேரளாவைப் போல அனுப்புவதையே நம்பியிருக்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். போனவர் திரும்பி வர விரும்பினால் அவருக்கேற்ற சம்பளம் இங்கே இருக்க வேண்டும், அதுவும் சென்னையில் மட்டும் இல்லாமல் திருநெல்வேலியிலும் இருக்க வேண்டும்.

விருதுநகர் தந்தைக்கு இன்னொரு வார்த்தை. இளைய மகள் பாலிடெக்னிக்கில் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் முதல் பட்டதாரி சலுகைக்கு அவரால் விண்ணப்பிக்க முடியாது, அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி. அதனால் கட்டணத்துக்கு இப்போதே வழி பாருங்கள். வங்கிக் கல்விக் கடனுக்குச் சேர்க்கைக் கடிதம் கையில் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.