போர்மட் அடிக்கக் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் ஆறு வருடப் பழைய டெஸ்க்டொப் கொம்பியூட்டர். ஒரு கிழமையாக, சுவிட்சைப் போட்டால் வின்டோஸ் அடையாளம் வந்து கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அணைந்து திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறது. சில நேரம் ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒழுங்காக வந்துவிடும். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் இருப்பதால் கரண்ட் பிரச்சினை இல்லை. கடையில் போர்மட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். மகளின் உயர்தரக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அதற்குள்தான். கொடுக்கலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் சகோதரி. போர்மட் என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போடுவது. கோளாறு வின்டோஸில் இருந்தால் அது மருந்து. வேறு எதிலாவது இருந்தால் படங்களும் போய், காசும் போய், பத்தாம் நாள் அதே கதைதான். "சில நேரம் வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். வின்டோஸ் கெட்டிருந்தால் அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழும். ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராமல் இருப்பது கரண்ட், சூடு, தளர்ந்த இணைப்பு ஆகியவற்றின் குணம்.

அடுத்த முறை நல்லபடியாக வந்தால் வேறு ஒன்றும் பார்க்காமல் முதலில் குறிப்புகளையும் படங்களையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றுங்கள். பிறகு இந்தச் சோதனை: சுவிட்சைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயோஸ் என்ற திரை வரும். வின்டோஸ் அங்கே இன்னும் தொடங்கவே இல்லை. எதையும் மாற்றாமல் 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் வின்டோஸ் மேல் பழி போடவே முடியாது. ஆகாவிட்டால் சந்தேகம் வின்டோஸ், ஹார்ட் டிஸ்க் பக்கம் சாய்கிறது.

இனி அந்த யூபிஎஸ். இருப்பதாலேயே கரண்ட் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக் குழப்பம் அதிலிருந்துதான். உள்ளே இருப்பது ஒரு சின்ன ஈய பெட்டரி. அதன் ஆயுள் இரண்டு மூன்று வருடம், நம் ஊர் வெக்கையில் அதைவிடக் குறைவு. செத்த பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கொம்பியூட்டர் தொடங்கும் நேரத்தில் டிஸ்க், விசிறி, புரொசசர் எல்லாம் ஒன்றாகக் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ ஓடத் தொடங்கினால் 230 வோல்ட் சற்றுத் தாழும். யூபிஎஸ் பெட்டரிக்குத் தாவும். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கண் இமைப்பு போதும், மெஷின் திரும்ப முதலில் இருந்து தொடங்கும். ஆகவே யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, எக்ஸ்டென்ஷன் வயரும் இல்லாமல், நேராகச் சுவர் பிளக்கில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் பெட்டரியை மட்டும் மாற்றினால் போதும். அநேகமானவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பெட்டரிதான். புது யூபிஎஸ் வாங்கச் சொல்பவரிடம் பழைய பெட்டரியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அதிலும் சரிவரவில்லையா? வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறவுங்கள். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி விசிறியில் அடைத்திருக்கும். மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், உப்புக் காற்று ரெம் என்ற நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களை மங்கச் செய்துவிடும். ரெம்மைக் கழற்றி, பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, "டிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுவரும் மெஷின்களில் சில, குலுக்கலிலேயே ரெம் சரியாக உட்கார்ந்து, கடையில் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். அதற்கும் போர்மட் காசு வாங்குவார்கள்! பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

பயோஸ் திரையில் ரீஸ்டார்ட் ஆகாமல் நின்ற மெஷின் என்றால், வின்டோஸ் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரிப்பெயர் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 9ஐ அழுத்துங்கள். அந்தத் தடவை வின்டோஸில் தவறு நடந்தால் மெஷின் ஓடி ஒளியாமல் நீலத் திரையில் நிற்கும். அதைப் போனில் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

"வின்டோஸ் 10 முடிந்துவிட்டது, அதனால்தான் இப்படி, புது மெஷின் வாங்குங்கள்" என்று ஒரு கதை இப்போது ஓடுகிறது. ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. அதற்காக எந்த மெஷினும் ரீஸ்டார்ட் ஆகாது. இன்னொரு கூட்டம் வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டு போய், டவுனில் கொடுத்து, நடுவில் கமிஷன் எடுக்கும். 8 ஜிபி ரெம்மோடு போய் 4 ஜிபியோடு திரும்பிய மெஷின்களைக் கண்டிருக்கிறேன். கொடுக்குமுன் ரெம், டிஸ்க் லேபிள்களைப் படம் எடுத்து வையுங்கள். பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். கேட்டால்தான் என்று ஏன் எழுதினார்களோ, நம் சனம் கேட்கக் கூச்சப்படும் என்று தெரியாதா? தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள், கொஞ்சம் பொறுமையோடு.

நேர்ப் பிளக்கில், சுத்தம் செய்த பிறகும் பயோஸ் திரையிலேயே ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். வேறு ஒரு பவர் சப்ளையைப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. "விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பார்கள். போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.