பூரிக்கட்டை பிடித்தவர் தரப்பு

கேள்வி: ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு வரும் பெண்கள் மாதவிலக்கு, மாமியார், மாப்பிள்ளை பார்ப்பது என்று இதையே பேசுகிறார்கள். இயல்பிலேயே பெண்களுக்கு நகைச்சுவை கம்மியோ?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நீங்கள் குறை சொல்லும் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. சொந்தப் பெயர், சொந்த முகம், ஒரு மைக். 2020இல் மும்பை காமெடி மேடையில் தெரிந்த முகமான அக்ரிமா ஜோஷுவாவின் பழைய ஜோக் ஒன்றைக் கிளப்பிவிட்டு, பலாத்கார மிரட்டல் வரைக்கும் போனார்கள். மிரட்டி வீடியோ போட்டவர் கைதானார். ஜோக் பிடிக்காவிட்டால் ஆணுக்கு இந்த மிரட்டல் வருவதில்லை.

நகைச்சுவை கம்மி என்று தமிழர் சொல்லலாமா? என்.எஸ்.கே.வுக்கு ஈடுகொடுத்த டி.ஏ.மதுரம், ஆயிரம் படங்களைத் தாண்டிய ஆச்சி மனோரமா, வாயைத் திறந்தாலே நாம் சிரிக்கிற கோவை சரளா. அங்கே உறுத்தாதது இங்கே ஏன் உறுத்துகிறது? அங்கே பாத்திரம் பேசியது; வசனமும் பெரும்பாலும் ஆண் எழுதியது. இங்கே நிற்பவர் ‘நான்’ என்று ஆரம்பிக்கிறார். அந்த ‘நான்’தான் இடிக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ‘பர்ப்பிள் ஆனியன்’ என்ற இரவு கிளப்பில் மேடையேறிய காமெடியன் ஃபிலிஸ் டில்லருக்கு வயது 37, ஐந்து பிள்ளைகள். பறட்டைத் தலையும் தொளதொள கவுனுமாக, ‘ஃபாங்’ என்று இல்லாத புருஷன் ஒருவனைக் கற்பித்து அவனை வாரினார். அவருக்கு முன்பே மாம்ஸ் மேப்ளி, வயதாவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிழவி வேஷம் கட்டினார். கிழவி பேசினால் யாருக்குக் கோபம் வரும்? வேஷத்தைக் கழற்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நெட்ஃபிளிக்ஸில் 2016இல் வந்த நிகழ்ச்சியில் அலி வாங், நம் வீட்டில் வளைகாப்பு போட்டு உட்கார வைக்கும் ஏழாம் மாத வயிற்றோடு நின்று, ஒரு மணி நேரம் போட்டுத் தாளித்தார்.

‘இதையே பேசுகிறார்கள்’ என்பதற்கு வருவோம். பையன்கள் இன்ஜினியரிங் அரியர், ஹாஸ்டல் சாம்பார், பொண்டாட்டி தாண்டி எங்கே போனார்கள்? (நானும் யோக்கியன் இல்லை. பூரிக்கட்டை ஜோக் போட்டே பக்கம் நிரப்பிய பழைய இதழ்களைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது. எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.) பூரிக்கட்டை பிடித்தவர் இப்போது தன் தரப்பைச் சொல்ல வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

போன மாதம் சென்னையில், புதியவர்களும் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் ஓர் ஓபன் மைக்குக்குப் போயிருந்தேன். ஐந்து பையன்களுக்குப் பிறகு, “அடுத்து ஒரு லேடி காமெடியன்!” என்று அறிவிப்பு. வந்த பெண் மைக் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்கு இறக்கப் பார்த்தார். திருகு இறுகிக் கிடந்தது. அரை நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, “இது ஜென்ட்ஸ் ஸ்டாண்டுங்க” என்றார். அரங்கம் அதிர்ந்தது. என் வரிசையில் ஒருவர் மட்டும், பக்கத்தில் மனைவி சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தார். நீங்கள் சமீபத்தில் சென்னைக்கு வந்திருந்தீர்களா, ஈரோட்டுக்காரரே?