பாதிரியார் செத்துட்டாலும் ஸ்கூல் மேல கேஸ் போடலாம்

அண்ணா, 80கள்ல மெல்போர்ன் சர்ச் ஸ்கூல்ல சின்ன வயசுல உங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு, அந்தப் பாதிரியாரே செத்துட்டாரு இனி யார கேக்குறதுன்னு எழுதியிருந்தீங்க. ஸ்கூலை நடத்துன நிர்வாகத்த கேளுங்க, அவங்கதான் பதில் சொல்லணும். புகார் வந்தும் போலீஸுக்குப் போகாம ஆளை வேற ஊர் சர்ச்சுக்கு மாத்திவிட்ட கதை, ஆஸ்திரேலிய அரசு இதை விசாரிக்க வெச்ச ராயல் கமிஷன்ல எத்தனையோ வந்துச்சு, படிச்சா வயிறு எரியும்.

மெல்போர்ன் இருக்குற விக்டோரியா மாநிலத்துல, இந்த மாதிரி கேஸ் போடுறதுக்கு இருந்த காலக்கெடுவ 2015லயே எடுத்துட்டாங்க, அதனால இப்பவும் சிவில் கேஸ் போடலாம். இல்லேன்னா கோர்ட்டுக்குப் போகாமலே இழப்பீடு கேக்குற தேசிய நிவாரணத் திட்டம் (National Redress Scheme) இருக்கு, அதிகபட்சம் 1,50,000 டாலர், 2027 ஜூன் 30க்குள்ள விண்ணப்பிக்கணும். ஆனா ஒண்ணு, இந்தத் திட்டத்துல குடுக்குற தொகைய ஏத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டா அப்புறம் அந்த ஸ்தாபனத்து மேல கேஸ் போட முடியாது, அதனால தயவுசெஞ்சு மொதல்ல 'நோமோர்' (knowmore)ங்கிற இலவச சட்ட சேவைகிட்ட பேசுங்க. பழைய அட்மிஷன் ரெக்கார்டையும் எழுத்துல கேட்டு வாங்கி வைங்க.