மருத்துவமனை அருகில் இருந்தால் போதாதா?

கேள்வி: எங்கள் திருச்சபையின் வாலிபர் குழுவை நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. முகாம் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மருத்துவமனை இருக்கும்போது, நான் முதலுதவிப் பயிற்சி பெறுவது அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். இதயம் நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும் என்பதால், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வந்து சேரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

உணவு தொண்டையில் அடைத்து, இருமவும் பேசவும் முடியாமல் ஒரு பையன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை முன்பக்கமாகக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும் என்பதும், அடைப்பு விலகாவிட்டால் பின்னால் நின்று மேல்வயிற்றை உள்நோக்கி மேல்வாக்கில் 5 முறை அழுத்த வேண்டும் என்பதும் கைக்குப் பழகியிருந்தால்தான் அந்தப் பதற்றத்தில் கைகொடுக்கும். படித்தது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

தீக்காயத்தில் பற்பசை தடவும் தவறும் பயிற்சியால் நீங்கும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே சரியானது. குழுவில் இருவராவது பயிற்சி பெறுங்கள், ஏனெனில் மயங்கி விழுபவர் பயிற்சி பெற்றவராகவே இருக்கக்கூடும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிவிடுங்கள்.