ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லையே! வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கம்ப்யூட்டர் கேஸின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன் போட்டிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு கேம் ஆடினால் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு 8 டிகிரி குறைகிறது. இன்னும் வேகமான ஃபேன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் செய்த சோதனையே விடையைச் சொல்லிவிட்டது. ஃபேனில் குறையில்லை, காற்று நுழையும் வாசல்தான் சிறியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 மி.மீ. ஃபேனில் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் சுமார் 113 மி.மீ. நடுவில் மோட்டார் இருக்கும் குமிழ் சுமார் 42 மி.மீ. பெரிய வட்டத்தின் பரப்பில் குமிழின் பரப்பைக் கழித்தால் ஒரு ஃபேனுக்கு 86 சதுர செ.மீ. வரும்; மூன்றுக்கும் சேர்த்து 258. இப்போது கண்ணாடிக்கும் கேஸுக்கும் நடுவிலுள்ள சந்தை ஸ்கேல் வைத்து அளந்து, அது திறந்திருக்கும் நீளத்தால் பெருக்குங்கள். இரண்டு பக்கமும் 40 செ.மீ. நீளம், சந்து 8 மி.மீ. என்றால் கிடைப்பது வெறும் 64 சதுர செ.மீ. தேவையில் கால் பங்குதான்! அதே சந்து வழியாக இரண்டு மடங்கு காற்றை இழுக்க நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்காக ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் 15 டெசிபெல் அளவுக்கு ஏறிவிடும்.

கண்ணாடியை விட மனமில்லை என்றால், நான்கு மூலையிலும் 25 மி.மீ. உயர ஸ்டாண்ட்-ஆஃப் (இடைவெளி தரும் சின்னத் தாங்கி) வைத்து முன்னால் தள்ளுங்கள். மேலும் கீழும் 18 செ.மீ. அகலத்தையும் திறந்துவிட்டால் மொத்தம் 290 சதுர செ.மீ. கிடைக்கும், போதும். ஆனால் தூசி ஃபில்டர் போடுவதாக இருந்தால் அது ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும் என்பதால், கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டைத் தகடு பொருத்துவதையே நாங்கள் சொல்வோம். தகடு வாங்கும்போது ஓட்டையின் அளவை மட்டும் கேட்காதீர்கள். ஒரு ஓட்டையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். மாறி மாறி அமைந்த வட்ட ஓட்டைகளுக்கு, விட்டத்தின் வர்க்கத்தை அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து 0.907-ஆல் பெருக்கினால் திறந்த பங்கு தெரியும். 3 மி.மீ. ஓட்டை, 4 மி.மீ. தூரம் என்றால் 51 சதவீதம். அறுகோண ஓட்டை 5 மி.மீ., நடுவில் 1 மி.மீ. கம்பி என்றால் 69 சதவீதம். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், காற்றுக்கு அப்படியில்லை.

கேள்வி: கேஸின் அடித்தகட்டில் 120 மி.மீ. ஃபேனுக்கு வட்டம் வெட்ட வேண்டும். முதல் தடவை. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் கேஸைக் காலி செய்யுங்கள். மதர்போர்டு, பவர் சப்ளை, பழைய ஃபேன் எல்லாம் வெளியே. இரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். ஃபேன் மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் அந்தத் தூள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வரையுங்கள். திருகு ஓட்டைகள் மையத்துக்கு மையம் 105 மி.மீ. நான்கையும் குறித்தபின் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்: 148.5 மி.மீ. வந்தால் சதுரம் சரி. (140 மி.மீ. ஃபேன் என்றால் 124.5. பலர் 125 என்று வைத்துவிட்டு, கடைசித் திருகு ஏறாமல் தவிக்கிறார்கள்.) திருகு ஓட்டைகளை 4.5 மி.மீ. பிட்டால் முதலிலேயே போட்டுவிடுங்கள். நடுவட்டத்தை வெட்டிய பிறகு தகடு தளர்ந்துவிடும், பிட் வழுக்கும்.

பெரிய வட்டத்துக்கு 114 மி.மீ. ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்), அதாவது நாலரை அங்குலம். அடியில் மரப்பலகை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, டிரில்லை அதன் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். நடுநடுவே எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டால் பல் மாட்டி, டிரில் கையை முறுக்கும். ஜிக் சாதான் இருக்கிறது என்றால் பல் நெருக்கமான மெட்டல் பிளேடு போடுங்கள். கேஸ் தகடு ஒரு மி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும் என்பதால் தனியாக வெட்டினால் படபடவென்று அடித்து வளைந்துவிடும். இரண்டு மெல்லிய பிளைவுட் நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்தே வெட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை. ஆனால் டிரில் சுற்றும்போது கையுறையைக் கழற்றிவிடுங்கள், அது பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

பிறகு அரம் போட்டு, பிரைமர் அடித்து, பெயின்ட். ஓரத்துக்கு யூ வடிவ ரப்பர் மாட்டுவதானால் அதன் தடிமன் அளவுக்கு வட்டம் சுருங்கும் என்பதையும் சேர்த்து வெட்டுங்கள்.

கேள்வி: பிவிசி ஷீட்டை லேசரில் வெட்டி டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்) செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். லேசருக்கு அக்ரிலிக் கொடுங்கள். பிவிசியைக் கத்தியாலும் ரம்பத்தாலும் வெட்டுங்கள்.

கேள்வி: 120 மி.மீ. ஃபேனிலிருந்து 140 மி.மீ. வாய்க்கு ஒரு அடாப்டரை 3டி பிரின்ட் செய்யப்போகிறேன். எந்தப் பிளாஸ்டிக்? எவ்வளவு நீளம்?

பதில்: உள்ளே வருவது அறையின் காற்றுதான், எனவே பிஎல்ஏ தாங்கும். ஆனால் அது 60 டிகிரியை ஒட்டி இளகும். கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும் பாகமென்றால் இன்னும் சூடு தாங்கும் பிஇடிஜி போடுங்கள். சுவர் 2 முதல் 2.4 மி.மீ. இருக்கட்டும்.

நீளம்தான் முக்கியம். சின்னதிலிருந்து பெரிதாக விரியும் குழாயில், சுவர் 7 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். உங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. விரிய வேண்டும், அதற்கு சுமார் 82 மி.மீ. நீளம் தேவை. இடமில்லையென்றால் 140 மி.மீ. ஃபேனே போடுவது நல்லது. பெரிதிலிருந்து சின்னதாகக் குறுகும் குழாய்க்கு இந்தக் கண்டிப்பு இல்லை, 30 மி.மீ. போதும். காற்று நுழையும் விளிம்பை 8 முதல் 10 மி.மீ. ஆரத்தில் உருட்டி வரையுங்கள். கூரான விளிம்பில் காற்று சுவரோடு ஒட்டி வளையாது.

பிரின்ட் செய்த ஓட்டைகள் வரைந்ததைவிடக் கொஞ்சம் சுருங்கியே வரும், 4.5 வேண்டுமென்றால் 4.8 வரையுங்கள். ஃபேனோடு வரும் தடித்த திருகை பிளாஸ்டிக்கில் நேராக முறுக்கினால் அடுக்குகள் பிளக்கும். எம்4 போல்ட், நட் போடுங்கள். முழுசாக அடிப்பதற்கு முன், நான்கு ஓட்டையுள்ள 3 மி.மீ. வளையத்தை மட்டும் அடித்து ஃபேன்மேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: முன் ஃபேனிலிருந்து சிபியு கூலர் வரை டக்ட் செய்து மாட்டினேன். சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. எங்கே தப்பு?

பதில்: டக்டில் தப்பே இல்லாமலும் இருக்கலாம்! ஃபேன் வேகம் தானாக மாறும் நிலையில் விட்டிருந்தால், கூலருக்குக் குளிர்ந்த காற்று வந்ததும் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே சூட்டில் நிற்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எல்லா ஃபேன்களையும் மாறாத வேகத்தில் வைத்து, 20 நிமிடம் முழு லோடு கொடுத்து, வரும் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழித்து எழுதுங்கள். டக்டுடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை.

அப்படியும் வித்தியாசம் இல்லையென்றால் இணைப்புகளைப் பாருங்கள். டிஷ்யூ பேப்பரில் ஒரு செ.மீ. அகலத் துண்டு கிழித்து ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடியுங்கள். வெளியே படபடத்தால் காற்று கசிகிறது. உள்ளே இழுபட்டால் கூலர் ஃபேன் கேஸின் சூடான காற்றைக் குடிக்கிறது, அதாவது முன் ஃபேன் தருவது அதற்குப் போதவில்லை. 5 மி.மீ. ஃபோம் பட்டையை ஒட்டி, அது 3 மி.மீ.க்கு அமுங்கும்படி மாட்டுங்கள். டக்டைக் கூலரோடு திருகிவிடாதீர்கள். அந்தப் பாரம் மதர்போர்டின்மேல் விழும்.

கேள்வி: புதிதாக மெஷ் (வலைத் தகடு) பொருத்தியதிலிருந்து ஃபேன் 'ஊம்' என்று முனகுகிறது.

பதில்: ஃபேன் இழுக்கும் பக்கத்தில் மெஷ் இறக்கைக்கு மிக அருகில் இருக்கிறது. நடுவில் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி கொடுங்கள். கெட்டுப்போன ஒரு 120 மி.மீ. ஃபேன் கையிலிருந்தால், இறக்கையையும் மோட்டாரையும் அவற்றைத் தாங்கும் கம்பிகளையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தை நடுவில் வையுங்கள். திருகு ஓட்டைகள் அச்சாகப் பொருந்தும், 25 மி.மீ. இடைவெளியும் கிடைத்துவிடும். நீளமான திருகு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.